அழுக்குப் பக்கத்தில் பதினாலு நாள்

மனிதர்கள் படுத்து எழுந்த விரிப்பில் என்னவெல்லாம் இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் அவளைக் கேட்கலாம். கேட்டபிறகு அன்று சோறு இறங்காது, அவ்வளவுதான். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட அனுபவம். தலைமுடி, நகத்துண்டு, மென்று துப்பிய சூயிங்கம், ஒருமுறை முழுப் பல்செட்டு. இதையெல்லாம்கூட அவள் ஒருவழியாகப் பொறுத்துக்கொள்வாள். பிளாஸ்திரியை மட்டும் பொறுக்கமாட்டாள். கொதிநீரில் ஊறி, நூறு விரிப்போடு உருண்டு, பசை இளகி, எவருடைய புண்ணிலோ இருந்த பஞ்சோடு வெள்ளைத் துணியில் அப்பிக்கொண்டு வரும். அதைப் பார்த்தாலே அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டும்.

அப்படிப்பட்டவளின் இடது மேற்கையில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினாள் நர்ஸ்.

"வலிக்கவே வலிக்காதும்மா. ரெண்டு நாள்ல இது இருக்கிறதே மறந்து போயிடும்."

டப் என்று ஒரு சத்தம். வலிக்கவில்லைதான். ஆனால் சட்டைப் பித்தானைவிடப் பெரிய ஒரு வெள்ளை வில்லை கையில் உட்கார்ந்துகொண்டது. அதன் அடியில் பசைத்துணி. அதற்கும் அடியில், தோலுக்குள், மயிர் மாதிரி ஒரு கம்பி. அந்தக் கம்பி பதினாலு நாள் உள்ளேயே கிடந்து உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று செல்போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். எழுபதுக்குக் கீழே போனால் போன் கத்துமாம். நர்ஸ் சொன்ன மற்றதெல்லாம் அவள் காதில் விழவில்லை. தோலுக்குள் மயிர் என்ற ஒன்றிலேயே மனம் நின்றுவிட்டது. வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

அவளாக ஆசைப்பட்டு ஒட்டிக்கொள்ளவில்லை. சலவைக்கூடத்தின் நடுவே ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப்புறம் அழுக்குப் பக்கம். மூட்டைகள் அங்கே வந்து இறங்கும், பிரிப்பார்கள், தரம் பார்ப்பார்கள், இயந்திரத்தில் போடுவார்கள். இந்தப்புறம் சுத்தப் பக்கம். துவைத்தது இங்கே வந்து, பெரிய இஸ்திரி உருளையில் ஏறி இறங்கி, மடிப்பு மேஜைக்குப் போகும். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பேச வேண்டுமானால் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, தட்டிவிட்டுப் பேசலாம். சுத்தப் பக்கத்து மேற்பார்வை அவளுடையது. எட்டடி தூரத்திலிருந்தே கறையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டு மாதம் முன்பு உருளைக்கு முன்னால் நின்றவள் கண் இருட்டிக் கீழே விழுந்தாள். கை உருளைக்குள் போகாதது தெய்வாதீனம். மேனேஜர் நல்ல பையன், ஆனால் சட்டதிட்டம் என்றால் அவனுக்கு உயிர்.

"சர்க்கரை திடீர்னு இறங்கிடுதுன்னு டாக்டர் சந்தேகப்படறாரு மேடம். பதினாலு நாள் அளந்து, எழுபதுக்குக் கீழ போகலைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அதுக்கு மட்டும் டைம் தர்றேன். இல்லேன்னா உங்களைச் சூடான மெஷின் பக்கம் நிறுத்த முடியாது."

"அப்புறம் எங்க நிறுத்துவீங்க?"

மேனேஜர் சுவரைக் காட்டினான். அந்தப்புறத்தில் சூடான இயந்திரம் எதுவும் இல்லை.

அன்று அவள் வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாள். அழுக்குப் பக்கம். கையை விட்டு மூட்டையைப் பிரிக்க வேண்டிய இடம். அங்கே போவதைவிட வேலையை விட்டுவிடலாம். ஆனால் வீட்டுக்காரரின் ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது, ஐம்பத்தொரு வயதில் வேறு எவனும் கூப்பிட்டு வேலை கொடுக்கமாட்டான். ஆக, அந்த லெட்டர் வந்தே தீர வேண்டும். பதினாலு நாள். பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பல்லைக் கடிப்பது சுலபம். கையைச் சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

உருளையிலிருந்து எழும் ஆவியில் மூன்றாம் நாளே பசைத்துணியின் ஓரம் ஊறி எழும்பியது. எழும்பிய இடத்தில் பஞ்சுத்தூசு வந்து ஒட்டியது. சலவைக்கூடத்தில் தூசுக்கா பஞ்சம். நாலாம் நாள் வில்லையைச் சுற்றிக் கன்னங்கரேல் என்று ஒரு வளையம். ஈரத்துணி இரண்டு நாள் வாளியில் கிடந்தால் வருமே, அந்த வாடை வேறு. அவளுடைய கையிலிருந்து. சட்டை போடும்போது கைப்பகுதி அதில் மாட்டும். கதவு நிலையில் இடிக்கும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. குளித்துவிட்டு அந்த இடத்தைத் துவட்டுவதா விடுவதா என்று நின்றுகொண்டே இருப்பாள். தொட அருவருப்பு, தொடாமல் விட்டால் அதைவிட அருவருப்பு.

வீட்டுக்காரருக்கோ கொண்டாட்டம். அவர் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். முப்பது வருடமாக ஊரார் வீட்டு மீட்டரைப் பார்த்தவருக்கு இப்போது சொந்த வீட்டிலேயே ஒன்று ஓடுகிறது.

"நூத்தி நாப்பத்திரண்டு. இப்ப நூத்தி நாப்பத்தஞ்சு. ஏம்மா, என்ன தின்னே?"

"ஒண்ணும் திங்கல. உங்க மூஞ்சியைப் பார்த்தேன், ஏறிடுச்சு."

"போன்ல அம்புக்குறி மேல பார்த்துட்டு இருக்கு பாரு, இன்னும் ஏறுது."

"போனைக் கொடுங்க இப்படி. எனக்குள்ள ஓடறதை நீங்க என்ன உட்கார்ந்து வேடிக்கை பாக்கறது?"

வீட்டில் எப்படியோ போகட்டும். வேலையிடத்தில் யார் கண்ணிலும் இது படக் கூடாது. காரணம் பலகை.

பலகை அவள் கண்டுபிடிப்பு. சுத்தப் பக்கம் வரை வந்துவிட்ட அசிங்கம் எதுவானாலும் அதை இடுக்கியால் எடுத்து, ஒரு பலகையில் குண்டூசியால் குத்தி, கீழே ஒரு சீட்டில் தேதியையும் அதைக் கவனிக்காமல் விட்டவர் பெயரையும் எழுதிவிடுவாள். பலகையின் தலையில் 'கண்ணில் படாதவை' என்று அவளே எழுதியிருந்தாள். சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் மாட்டியிருப்பதால் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும். அதில் அதிகமாக இருந்தது அழுக்குப் பக்கத்து ஜலதோஷத்தின் பெயர்.

ஜலதோஷம் என்பது ஒரு பெண்மணி. வேலைக்குச் சேர்ந்த அன்றே, எனக்குப் பிறவியிலேயே சளிமூக்கு, எந்த வாடையும் தெரியாது என்று சொல்லி அழுக்குப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். ஐந்து வருடமாக அங்கேதான். மூன்று மாதம் முன்பு அவள் விட்டு வந்தது இப்போதும் பலகையில் இருக்கிறது. தோல் நிறத்தில் வட்டமான பிளாஸ்திரி, நடுவில் ஓட்டை, பசையில் பூனைமயிராக ரோமம். அன்று பூதக்கண்ணாடி ஜன்னலைத் திறந்து, இடுக்கியில் அதைத் தூக்கிப் பிடித்து, நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

"இத்தனை பெரிசு கண்ணுல படலையா? மூக்குதான் இல்லைன்னு பார்த்தா கண்ணும் இல்லையா உனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜலதோஷமும் சிரித்தாள்.

தன் கையில் இருப்பதும் அதே ஜாதிதான் என்பது ஐந்தாம் நாள் பலகையைக் கடந்து போகும்போது அவளுக்கு உறைத்தது. பலகையில் இருந்தது, இந்த மாதிரி வில்லை விழாமல் இருக்க அதன்மேல் ஒட்டும் பட்டை. எவனோ ஒரு சர்க்கரைக்காரன் ஓட்டலில் படுத்து உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறான். தூ என்று வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாயிற்றா என்று தன்மேலேயே ஒரு வெறுப்பு.

அன்றைக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. மெத்தையைக் கவ்விப் பிடிக்கும் விரிப்புகளின் ஓரத்தில் அகலமான ரப்பர் நாடா இருக்கும். கிழிந்து ஒதுக்கிய ஒரு விரிப்பிலிருந்து அதை வெட்டியெடுத்து, வில்லையின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். வெள்ளை வெளேர் என்ற நாடா. வளையமும் தெரியாது, தூசும் ஒட்டாது, வாடையும் வராது. காலையில் கட்டினால் வேலை முடிந்துதான் அவிழ்ப்பாள். அன்று ஒருநாள் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு உடுப்புப் பைக்குள் போன் கத்தியது. அறுபத்து மூன்று.

அறுபத்து மூன்று என்றால் லெட்டர் போயிற்று. கழிப்பறைக்கு ஓடிப்போய், டாக்டர் சொல்லியிருந்தபடி ஒரு டப்பா பழச்சாற்றை உறிஞ்சினாள். ஏறவில்லை. ஐம்பத்தெட்டு. குளுகோஸ் மாத்திரை நாலைப் போட்டு மென்றாள். வாயெல்லாம் பிசுபிசுப்பு, பல் இடுக்கெல்லாம் மாவு. கழிப்பறையில் நின்றுகொண்டு தின்கிறோமே என்று நினைத்ததும் தின்றது திரும்பி வரப் பார்த்தது. விசித்திரம் என்னவென்றால் அவளுக்குத் தலைசுற்றவில்லை, வியர்க்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. உடம்புக்கு உணர்ச்சியே செத்துவிட்டது போலிருக்கிறது என்று அதற்கும் பயந்தாள்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. வேலைநேரம் முழுக்க அறுபது, ஐம்பத்தைந்து. வீட்டுக்கு வந்து நாடாவை அவிழ்த்தால் சரசரவென்று ஏறி இருநூற்று எண்பது. வீட்டுக்காரர் முதல்முறையாகச் சிரிக்காமல் போனைப் பார்த்தார்.

"இப்படி ஒரு மீட்டர் ஓடினா நாங்க கழட்டி மாத்திடுவோம்மா" என்றார்.

"என்னையா, அதையா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

ஒன்பதாம் நாள் மதியம் போன் வேறு மாதிரி கத்தியது. சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றது. கையைத் தொட்டுப் பார்த்தாள். நாடா முழங்கைக்கு இறங்கிக் கிடந்தது. மேலே வெறும் தோல். சிவந்து, ஊறி, கருவளையத்தோடு. வில்லையைக் காணோம்.

உருளைக்கு விரிப்பை ஏற்றும்போது நாடா மாட்டி இழுத்திருக்க வேண்டும். எந்த விரிப்பு? காலையிலிருந்து நானூறு விரிப்பு போயிருக்கிறது. அவள் மடிப்பு மேஜைக்கு ஓடி ஒவ்வொரு அடுக்காகப் பிரித்தாள். மடிக்கிற பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று ஒருத்தி கேட்டதற்குக் கறை என்றாள். உள்ளுக்குள் அவளுக்கு ஒரே ஒரு காட்சிதான் ஓடியது. யாரோ முன்பின் தெரியாத ஆள், நல்ல ஓட்டலில், வெள்ளை விரிப்பை விலக்கிப் படுக்கப் போகிறான். நடுவில் அது. பசையும் தூசும் அவள் தோலின் செதிலும், நுனியில் அவள் ரத்தம் காய்ந்த மயிர்க்கம்பியும். அவன் முகத்தைச் சுளிக்கிறான். அந்தச் சுளிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக அவள் முகத்தில் இருந்தது அதுதான்.

அப்போது ஜன்னல் தட்டும் சத்தம் கேட்டது.

ஜலதோஷம் நின்றிருந்தாள். கழுவிய ஒரு டப்பா மூடியில் அந்த வில்லையை வைத்து நீட்டினாள்.

"மறுபடி துவைக்கன்னு நீங்க தள்ளிவிட்ட வண்டியில இருந்துச்சு மேடம். தேதி எழுதிட்டேன். பேருதான் யாரோடதுன்னு தெரியல. பலகையில குத்தணும்ல."

கிண்டலா என்று பூதக்கண்ணாடி அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. பலகைக்கு ஒரு விதி இருக்கிறது, அதன்படி கேட்கிறாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"என்னோடதுதான்" என்றாள் தாழ்ந்த குரலில்.

ஜலதோஷத்தின் கண் அவள் கையில் போய் நின்றது. நாடா பதிந்த இடம் பள்ளமாகச் சிவந்திருந்தது.

"இதையா கட்டியிருந்தீங்க? இவ்வளவு இறுக்கமாவா?"

"அசிங்கமா இருந்துச்சு."

"மேடம், அது மேல அமுக்கம் பட்டா தப்பாக் காட்டும். சர்க்கரை நல்லாத்தான் இருக்கும், அது நாப்பது ஐம்பதுன்னு சொல்லும். என் பொண்ணு இதைத்தான் போட்டிருக்கா, ஏழு வயசிலேர்ந்து. கை மேல படுத்துடுவா. நாங்களும் முதல்ல தெரியாம ஜூஸா ஊத்தி ஊத்தி முந்நூறுக்கு ஏத்திட்டோம். டாக்டர் திட்டினாரு."

பூதக்கண்ணாடி கணக்குப் பார்த்தாள். நாலு நாள். கழிப்பறையில் நின்று தின்ற அத்தனை மாத்திரையும் நெஞ்சில் வந்து நின்றது.

"உன் பொண்ணா? நீ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதில்லையே மேடம். அந்தப் பலகையில இருக்கே வட்டமா, அது அவளோடதுதான். காலையில தலை பின்னிவிட்டேன், என் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்து விரிப்புல விழுந்துடுச்சு." கொஞ்சம் தயங்கினாள். "அதை எடுக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க. பொண்ணோடது குப்பையில போறதுன்னா நானே போட்டுக்கறேன்."

பூதக்கண்ணாடி பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அதில் ஒட்டியிருந்த ரோமத்தை இத்தனை நாள் எவனோ ஓர் ஆம்பளையுடையது என்று நினைத்திருந்தாள். ஒரு குழந்தையின் கைப் பூனைமயிர். இடுக்கியைத் தேடாமல் விரலாலேயே எடுத்தாள். குமட்டியது. எடுத்துத் தாளில் மடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள், வேறு ஏதோ ஒரு வண்டி நம்பரைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த இடத்தில் தன் வில்லையைக் குத்தித் தன் பெயரை எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பார்த்தார்கள். எவரும் சிரிக்கவில்லை.

டாக்டர் நாடா கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த ஒன்பது நாள் கணக்கில் சேராது, புதிதாக ஒன்று போட்டு முதலிலிருந்து பதினாலு நாள் என்றார். கொடுத்த டைம் முடிந்தது, இனி லெட்டர் வரும்வரை உருளைப் பக்கம் விடமுடியாது என்றான் மேனேஜர். ஆக, எதற்குப் பயந்து அத்தனை பாடுபட்டாளோ அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

அழுக்குப் பக்கத்தில் முதல் நாள் முதல் மூட்டை. ஒரு திருமண விடுதியிலிருந்து வந்தது, மூன்று நாள் கட்டியே கிடந்தது. அவிழ்த்ததும் உள்ளிருந்து வந்த ஆவி முகத்தில் அறைந்தது. யாரோ குடித்து வாந்தியெடுத்த விரிப்பு, அப்படியே சுருட்டி வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி இரண்டடி தள்ளிப்போகக்கூட நேரமில்லாமல் நின்ற இடத்திலேயே வாந்தியெடுத்தாள். ஜலதோஷம் வாளியும் துணியும் கொண்டுவந்தாள். மண்டியிட்டு, கையுறையோடு, மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த மூட்டையையும் தானே எடுத்துக்கொண்டாள். நல்லவேளை, இவளுக்கு மூக்கு கிடையாது என்று பூதக்கண்ணாடி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அருவருப்பு போகப் போகப் பழகிவிட்டது என்று சொன்னால் பொய். ஒருநாளும் பழகவில்லை. பதினாலு நாளும் மதியச் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. புது வில்லை மட்டும் கையில் நாடா இல்லாமல், எல்லோரும் பார்க்க இருந்தது. குளித்தபின் அதைச் சுற்றி எப்படி ஒற்றுவது, ஓரம் எழும்பினால் எந்தப் பட்டையை எப்படி வெட்டி ஒட்டுவது என்று ஜலதோஷம் சொல்லிக்கொடுத்தாள். போன் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

லெட்டர் வந்தது. எழுபதுக்குக் கீழே ஒருநாளும் போகவில்லை, அன்று மயங்கியது காலையில் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டதனால், உருளைப் பக்கம் நிற்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். மேனேஜர் படித்துப் பார்த்து, நாளையிலிருந்து உங்க மேஜை மேடம் என்றான்.

கடைசி நாள் வேலை முடிந்து இருவரும் குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூதக்கண்ணாடிக்கு அன்று மனம் லேசாக இருந்தது, பேசத் தோன்றியது.

"எப்படித்தான் இங்கேயே அஞ்சு வருஷம் ஓட்டினியோ. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சளிமூக்கு உனக்கு ஒரு வரம்தான்."

ஜலதோஷம் சோப்பு நுரையை வழித்து விட்டாள்.

"எனக்குச் சளியெல்லாம் கிடையாது மேடம்."

"என்ன?"

"இந்தப் பக்கம்தான் ரெண்டு மணிக்கு வேலை முடியும். பொண்ணு ஸ்கூல் விடறதுக்குள்ள நான் போய் நிக்கணும், அவளுக்குச் சர்க்கரை எப்ப இறங்கும்னு தெரியாது. வாடை தாங்காம எத்தனையோ பேர் ஓடிட்டாங்க, நிலைச்சு நிக்கிற ஆளா பாத்துட்டு இருந்தாங்க. அதான் வாடை தெரியாதுன்னு சொல்லிட்டேன்." குழாயை மூடினாள். "உங்களுக்கு நாறுறதெல்லாம் எனக்கும் நாறும்."

பூதக்கண்ணாடி கழுவிய கையோடு நின்றாள். முதல் நாள் மண்டியிட்டுத் தன் வாந்தியைத் துடைத்த அந்த முகம்தான் கண்முன் இருந்தது.